செப்பாணி

பிரேதப்பெட்டியைத் தூக்கியவர்கள் வீட்டின் பின்னால் போகும் ஒழுங்கைப் பக்கம் திரும்பியபோது, றோஸ் எழுந்து போய்க் குறுக்கே நின்றாள்.

“எங்கை கொண்டுபோறியள்?”

தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மகன் ஜெயசுதன்தான் வாய் திறந்தான். “பின்னாலை வான் நிக்குதம்மா. பண்ணைப் பாலத்தாலை சுத்தி மண்டைதீவுக்குப் போவம். டினேஸ் அண்ணைதான் வான் பிடிச்சுத் தந்தவர்.”

“கொப்பர் வானிலை போறன் எண்டு எப்ப சொன்னவர்?”

அவன் டினேசின் பக்கம் பார்த்தான்.

“இறக்குங்கோ,” என்றாள். பெட்டிக்குள் கிடந்த அவள் புருசன் சிமியோன் மறுபடியும் நீள மரவாங்குகளின் மேல் இறங்கினார்.

முன்முற்றத்துக் கொட்டகைக்குள் அவர் கடைசியாகச் செய்த வள்ளம் நின்றது. வள்ளம் என்று சொன்னால் டினேசுக்கு முகம் சுருங்கும். அவனுக்கு அது ‘போட்’. தொண்டைமானாற்றில் அவன் கட்டியிருக்கும் விடுதிக்கு வருகிறவர்கள் பகல் முழுக்கக் கடல் சுற்றிப் பார்ப்பதற்கென்று செய்வித்தது. வெயிலுக்குக் கூரைத்துணி, பால்நிற மெத்தை, குளிர்பானத்துக்கு ஐஸ்பெட்டி, பின்னால் வெள்ளை வெளேரென்று யப்பான் எஞ்சின். மேலே என்ன ஆடம்பரம் ஏறினாலும் கீழே இருந்தது இந்தக் கரையின் குருநகர் உடம்புதான். பலகை பலகையாக நெருப்பில் வாட்டி வளைத்து, செப்பாணி அடித்து, இடுக்குகளில் பஞ்சு திணித்துச் சிமியோன் செய்த உடம்பு. ஓர் ஆணித் தலையும் வெளியில் தெரியக்கூடாது என்று டினேஸ் கேட்டிருந்தான். தெரியவில்லை.

இன்றைக்குத்தான் அதைக் கடலில் இறக்குவதாக இருந்தது. நேற்றுக் காலை, வள்ளத்தின் முன்முனையான அணியத்தடியில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்த மனுசன் அப்படியே சாய்ந்தார். தன் காரில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் டினேஸ்தான். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. பயந்தவன், அவ்வளவுதான்.

இப்போது அவன் கையைப் பிசைந்துகொண்டு கிட்ட வந்தான். “அன்ரி, குறை நினையாதையுங்கோ. முதல் ஓட்டமே பிரேதத்தோடை எண்டால் பிறகு அதிலை ஆர் ஏறுவினம்? செத்தவீட்டு போட் எண்டெல்லோ சனம் கதைக்கும்.”

“கதைக்கட்டும்.”

“அது என்ரை போட், அன்ரி.”

றோஸ் அறைக்குள் போனாள். கொடியில் தொங்கிய அவருடைய வேலைச் சேர்ட்டின் பையைத் துழாவினாள். விரல்நீளச் செப்பாணி ஒன்று கையோடு வந்தது. சேர்ட்டில் மெழுகும் வியர்வையும் மணத்தன. கண் கரித்தது, அழ அவளுக்கு நேரமில்லை.

சிமியோன் செய்கிற எந்த வள்ளத்திலும் அணியத்து உச்சியில் ஓர் ஆணிக்குத் துளை மட்டும் போட்டு, ஆணியை அடிக்காமல் தன் பையில் வைத்திருப்பார். இறக்குகிற அன்று முதலாளியின் கையில் சுத்தியலைக் கொடுத்து, அவன் கைமேல் தன் கையை வைத்து அடித்து, ‘இப்ப உங்கடை’ என்பார். அதுவரைக்கும் முதலாளியே ஆனாலும் அவரிடம் கேட்டுத்தான் ஏற வேண்டும். கேட்காமல் ஏறிய ஒருவனைக் கடலுக்குள் தள்ளியும் விட்டிருக்கிறார்.

அவள் ஆணியை டினேசின் முகத்துக்கு நேரே பிடித்தாள். “உதைப் பற்றி உங்களுக்குச் சொன்னவரோ?”

“சொன்னவர். அது ஒரு சடங்குதானே...”

“அடிச்சவரோ?”

“இல்லை.”

“அப்ப இது இன்னும் அவரின்ரை வள்ளம். அவர் தன்ரை வள்ளத்திலை போறார். ஆரிட்டையும் கேக்கத் தேவையில்லை.”

வாசலில் இருந்த இன்னாசித்தம்பி, சிமியோன் செய்த வள்ளத்தில் பாதி ஆயுளைக் கழித்த மீனவர், எழுந்து சால்வையை உதறினார். “ஓம், ஞாயம்தானே,” என்றார். அவ்வளவுதான். வேலியை வெட்டவும் வள்ளத்துக்கடியில் பனங்குற்றிகளை உருட்டவும் ஆட்கள் ஓடினார்கள்.

வள்ளம் தண்ணீருக்குள் இறங்கிப் பெட்டியும் ஏறிய பிறகு, றோஸ் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் நீருக்குள் நடந்தாள்.

“அம்மா, நீங்களுமோ?” என்றான் ஜெயசுதன்.

அவன் கேட்டதில் பிழையில்லை. பெண் ஏறினால் வலையில் மீன் படாது என்று சொல்லிச் சொல்லியே, அத்தனை வள்ளம் செய்த மனுசன் அவளை ஒன்றிலும் ஏற்றியதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் கரையில் நின்று கையசைத்தவள். போன கிழமைதான், மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது மீனுக்குப் போற வள்ளமில்லையடி. இனி என்னட்டைச் சாட்டில்லை. முதல் ஓட்டம் மண்டைதீவுக்கு, என்ரை அம்மான்ரை குழியடிக்கு. நீ உந்த மெத்தையிலை மகாராணி மாதிரி இரு.”

“நீ ஏத்துவாய், நான் ஏறுவன்,” என்று அவள் அப்போது வாயைக் கோணினாள்.

கடைசியில் ஏற்றாமலே தப்பிவிட்டார். சாவையும் ஏற்றாததற்கு ஒரு சாட்டாக்கிய மனுசனை நினைக்க அவளுக்குக் கோபம் பொங்கியது.

“நானுந்தான்,” என்றாள் மகனிடம். “கையைத் தா.”

சேற்றுக் காலோடும் நனைந்த சேலையோடும் போய்ப் பால்நிற மெத்தையில் இருந்தாள். கரையில் நின்ற டினேஸ் ஒருதரம் கண்ணை மூடித் திறந்தான். குருநகரில் அன்று ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. சுவாமியார் ஏறிய வள்ளமும் மற்ற வள்ளங்களும் பின்னால் வந்தன. எஞ்சின் சத்தமே தெரியாமல் ஓடியது. நடுக்கடலில் ஒரு சின்ன அலை பலகையில் மோதியபோது, றோஸ் குனிந்து காலடியைத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வந்திருக்கவில்லை.

“நல்லாத்தான் செய்திருக்கிறாய்,” என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

மண்டைதீவுச் சேமக்காலையில், அவருடைய தாயின் குழிக்குப் பக்கத்தில் புதுக்குழி தயாராக இருந்தது. சுவாமியார் செபம் சொன்னார். கடைசியாக முகம் பார்த்தார்கள். ஜெயசுதன் மூடியைப் போட்டு, தகப்பனின் ஆயுதப் பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் திருகாணிகளை முறுக்கி நிமிர்ந்தான்.

“கொப்பரின்ரை சுத்தியலைத் தா,” என்றாள் றோஸ்.

அவள் குழியோரம் முழங்காலில் இருந்து, தலைமாட்டுப் பக்கத்து மூடியில் செப்பாணியை நிறுத்தினாள்.

“அம்மா, அது வள்ளத்தின்ரை ஆணி...”

அவள் அடித்தாள். முதல் அடி வழுக்கியது. பிறகு விழுந்த அடிகளில் ஆணி தலைவரைக்கும் இறங்கியது. சுவாமியார் தீர்த்தத்தைத் தெளித்தார்.

திரும்பி வந்தபோது டினேஸ் அதே இடத்தில் நின்றான். வெயிலில் முகம் சிவந்திருந்தது. அவனே தண்ணீருக்குள் இறங்கி வந்து, அவள் இறங்கக் கை கொடுத்தான்.

“நான் அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது, அன்ரி. அவர் இல்லாட்டியும், நீங்கள் என்ரை கையிலை கை வைச்சு அந்த ஆணியை அடிச்சுத் தருவியளோ?”

“அது அடிச்சாச்சு, தம்பி.”

அவன் அணியத்தைப் பார்த்தான். உச்சியில் துளை அப்படியே திறந்திருந்தது. திரும்பி ஜெயசுதனைப் பார்த்தான். ஜெயசுதன் மண்டைதீவுப் பக்கம் பார்த்தான்.

“அப்ப... இது?”

“கொண்டுபோங்கோ. ஆனா ஏறேக்கை அவரிட்டைக் கேட்டிட்டு ஏறுங்கோ.”

அவள் சேலையைப் பிழிந்துகொண்டு கரையேறினாள். டினேஸ் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வள்ளத்தின் பக்கத்தில் நின்றான். சுற்றுமுற்றும் பார்த்தான்.

“ஏறட்டோ?” என்று அவன் மெல்லக் கேட்டது அவள் காதில் விழுந்தது. அவள் திரும்பவில்லை.

மெத்தையில், அவள் இருந்த இடம் இன்னும் காயவில்லை.