ஐந்து வருடத்துக்கு உட்பட்டவை

அக்கா படித்ததாகக் கையெழுத்து வைத்த கட்டுரைகள் எல்லாவற்றையும் நான்தான் படித்தேன்.

அவள் வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தில் விருந்தோம்பல், சுற்றுலா முகாமைத்துவ டிப்ளோமா செய்துகொண்டிருந்தாள். அங்கே ஒரு விரிவுரையாளருக்கு ஒரு பிடிவாதம். மாணவர்கள் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது, உலகத்தில் இப்போது என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பார். மாதம் ஐந்து ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, சுருக்கம் எழுதி, ஒரு பதிவேட்டில் கொடுக்க வேண்டும். எந்தக் கட்டுரையும் ஐந்து வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

அக்காவுக்கு யாரோடும் கதைக்க வரும், இருந்து வாசிக்க வராது. நான் எதிர்மாறு. பத்தாம் ஆண்டில் ஆங்கில ரீச்சர் என்னை எழுப்பி ஒரு பந்தியை உரத்து வாசிக்கச் சொன்னா. எல்லாச் சொல்லும் எனக்குத் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. பாடம் முடியும்வரை நிற்க வைத்தா. அடுத்த நாள் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. அது அப்பா செத்த வருடம். நான் வயலுக்கு உதவியாக நின்றுவிட்டேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில் கிளிநொச்சியில் முத்துலிங்கம் அண்ணை ஒரு விருந்தினர் விடுதி நடத்தினார். தர்மபுரத்திலிருந்து பஸ்ஸில் போய் நான் அங்கே குசினியிலும் அறைகளிலும் வேலை செய்தேன். தொண்டு நிறுவனங்களின் வெள்ளைக்காரர் வந்து தங்கிப் போனார்கள். அவர்களோடு நான் கதைக்கத் தேவையில்லை.

மாத முடிவில் அக்கா வீட்டுக்கு வருவாள். வவுனியாவில் இன்டர்நெற் கடையில் அச்செடுத்த தாள்களை உடுப்புகளுக்கு அடியில் வைத்துக் கொண்டுவருவாள். ஓமந்தைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அவற்றைப் புரட்டிப் பார்ப்பான். இந்தப் பக்கத்தில் எங்களுடைய இயக்கத்து ஆட்கள் புரட்டிப் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒன்றும் விளங்காது.

"இதென்ன எண்டு கேட்டவங்கள். ஹோட்டலில விருந்தாளியளைப் பாத்து எப்பிடிச் சிரிக்கிறதெண்டு ஆராய்ச்சி எண்டன். விட்டிட்டாங்கள்," என்றாள் ஒருமுறை.

"அதுக்கும் ஆராய்ச்சியோ?" என்று அம்மா கேட்டா.

"ஓமம்மா. படிச்சா எனக்குச் சிரிப்பு வரேல்ல, நித்திரைதான் வருது. இந்தா அமரா, உனக்குத்தானே உந்தப் பைத்தியம்."

பைத்தியம்தான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தாளோடு இரண்டு நாள் இருப்பேன். அக்காவின் எழுத்தைப் போலவே எழுதப் பழகியிருந்தேன். பதிவேட்டில் ஒன்று எழுதினால், என்னுடைய கொப்பியில் அதே சுருக்கத்தை இன்னொரு முறை எழுதிவைப்பேன். சிலவற்றின் பக்கத்தில் நான் கண்டதையும் எழுதினேன். விருந்தாளி தன் திருப்தியின்மையை வாயால் சொல்வதில்லை என்று ஒரு கட்டுரையில் இருந்தது. எங்கள் விடுதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொரு காலையும் இடியப்பம் நல்லது என்று சொல்லிவிட்டு, சொதியைத் தொடாமல் விட்டுவிடுவா. நான் அதில் மிளகாயைக் குறைத்தேன். நாலாம் நாள் கிண்ணம் வெறுமையாக வந்தது. ஏன் என்று முத்துலிங்கம் அண்ணைக்கும் தெரியாது. போர் முடிந்த நாடுகளில் சுற்றுலா என்று ஒரு கட்டுரை வந்தது. அதில் இருந்த அட்டவணையில் எங்களுடைய பெயரைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

தான் படிக்கும் நிறுவனத்தில் ஓ.எல். சோதனை எடுக்காதவர்களையும் சேர்ப்பார்கள் என்று அக்காதான் சொன்னாள். விடுதியில் இரண்டு வருடம் வேலை செய்ததற்குக் கடிதம் வேண்டும், நேர்முகத்தில் அண்மைய ஆராய்ச்சி ஒன்றைப் பற்றிக் கதைக்க வேண்டும். 2006 மாசியில் எனக்கு இரண்டு வருடம் முடிந்தது. முத்துலிங்கம் அண்ணை கடிதம் தந்தார். நேர்முகம் ஆகஸ்ட் கடைசியில். கிணற்றடியில் ஆள் இல்லாத நேரம் நான் உரத்துச் சொல்லிப் பழகினேன். எனக்கு வேறு ஆசை எதுவும் இருக்கவில்லை.

வன்னியை விட்டுப் போக இயக்கத்திடம் பாஸ் எடுக்க வேண்டும். பாஸுக்கு வீட்டிலிருந்து ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் பிணை நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். அம்மாவும் நானும் அலுவலகத்துக்குப் போனோம்.

"மூத்தவா வெளியில. சின்னவாவும் போனா ஆர் பிணை?" என்று அங்கிருந்தவர் கேட்டார்.

"நான் இருக்கிறன்தானே தம்பி."

"நீங்கள் மூத்தவாவுக்கு நிக்கிறீங்கள் அம்மா. ஒராள் ரெண்டு பேருக்கு நிக்கேலாது. அவா வந்து கையெழுத்து வைக்கட்டும், இவாவை விடுறம்."

அக்காவிடம் சொன்னபோது அவள் என் தலையில் குட்டினாள். "உதுக்கே மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கிறாய்? எனக்கு ஜூனில முடியுது. முடிஞ்ச கையோட வாறன். பிறகு நீ போ."

மே மாதக் கடைசியில் கிளிநொச்சித் தொலைபேசிக் கடைக்கு எனக்கு அழைப்பு வந்திருப்பதாக விடுதிக்கு ஆள் வந்து சொன்னது. ஓடிப் போனேன். அக்காவுக்கு நீர்கொழும்பில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்திருந்தது. ஜூலையில் சேர வேண்டும். அதற்கு டிப்ளோமா சான்றிதழ் வேண்டும், அதற்கு இறுதிப் பதிவேடு வேண்டும். இருபது சுருக்கங்கள்.

"தாள் எல்லாம் போன மாசம் தந்த கட்டுக்குள்ள கிடக்கு. எழுதி ஆரிட்டையாவது குடுத்து விடு."

"அப்ப நீ வரேல்லையே?"

"வந்தா திரும்பி விடுவினமோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

"அம்மா பிணையெல்லே?"

"அவாவை ஒண்டும் செய்யமாட்டினம். ஒருக்காக் கூப்பிட்டுக் கேப்பினம், அவ்வளவுதான்."

"எனக்கு நேர்முகம்…"

"அடுத்த வருசமும் வரும்தானே. நீ அங்க போய் ஆரோடயடி கதைக்கப் போறாய்?"

அவளுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். நான் ஓம் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

அந்தக் கட்டுக்குள் முப்பத்துநாலு கட்டுரைகள் இருந்தன. அக்கா ஆண்டைப் பார்ப்பதில்லை, கிடைத்ததை எல்லாம் அச்செடுத்து வருவாள். புதியவற்றைத் தெரிந்தெடுப்பது என் வேலை. இந்த முறை பழையவற்றைத் தெரிந்தெடுத்தேன். 1984, 1987, 1991. நல்ல கட்டுரைகள்தான், சுருக்கங்களையும் நன்றாகவே எழுதினேன். ஆண்டு எழுதும் இடத்தில் மட்டும் 2003, 2004, 2005 என்று போட்டேன். அவற்றில் ஒன்று, அந்த விரிவுரையாளரே முதலாம் தவணையில் எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தது. தான் மாணவனாக இருந்தபோது படித்தது என்று தாளின் மேல் அவர் கையால் எழுதியிருந்தார். அதற்கு 2005 என்று போட்டேன். அவர் அதைப் பிடிக்காமல் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

டயர் வாங்க வவுனியா போன அப்புத்துரை மாமாவிடம் பதிவேட்டைக் கொடுத்துவிட்டேன். அக்கா அதைத் திறந்து பார்க்காமலே ஒப்படைத்திருப்பாள். அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பதிவேட்டைத் தள்ளிவிட்டார்கள். புதிதாக எழுதி செப்டெம்பர் முடிவுக்குள் கொடுத்தால் சான்றிதழ், இல்லாவிட்டால் அடுத்த வருடம். ஹோட்டல்காரர் பொறுக்கவில்லை, வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் ஐந்தாம் திகதி, சனிக்கிழமை, அக்கா ஒரு பெரிய பையோடு வந்து இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. "இருந்து ஒழுங்காச் செய்வம்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை என்னோடு அலுவலகத்துக்கு வந்து பிணைக்குக் கையெழுத்து வைத்தாள். எனக்கு இருபத்தோராம் திகதிக்குப் பாஸ் தந்தார்கள். நான் அதைக் கொப்பிக்குள் வைத்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எடுத்துப் பார்த்தேன். ஐந்து நாள் அப்படிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை சண்டை தொடங்கிப் பாதையை மூடினார்கள். பிறகு ஓமந்தையைச் சில நாட்களில் திறந்தார்கள், கிழவர்களும் நோயாளிகளும் போனார்கள். எங்களுடைய வயதுக்காரருக்குப் பாஸ் இல்லை.

வெள்ளைக்காரர் போய்விட்டார்கள். முத்துலிங்கம் அண்ணை அறைகளைப் பூட்டினார். புதிய தாள் ஒன்றும் வரவில்லை. அந்த முப்பத்துநாலையும் அக்கா எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். செய்ய வேறு வேலை இருக்கவில்லை. விளங்காத சொல்லுக்கு என்னிடம் வருவாள். மூன்றாம் கிழமை, வாசித்துக்கொண்டிருந்த தாளைத் திருப்பி என் முன்னால் வைத்து, ஆண்டு இருந்த இடத்தில் விரலை ஊன்றினாள்.

"நீ வருசம் மாறி எழுதுறவள் இல்லை."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு சொல் கேட்க வரவில்லை.

சண்டைக்கு வீட்டுக்கு ஒருவர் இயக்கத்தில் சேர வேண்டும் என்று அடுத்த வருடம் அறிவித்தார்கள். மாசியில் இரண்டு பெண்கள் சைக்கிளில் பதிவுக்கு வந்தார்கள். படலையில் நின்றது நான்.

"வீட்டில பெம்பிளைப் பிள்ளையள் எத்தினை?"

அக்கா நீர்கொழும்பில் இருந்திருந்தால் ஒன்று என்று சொல்லியிருப்பேன். நான் நிலத்தைப் பார்த்தேன். அக்கா குசினிக்குள் இருந்து வந்தாள்.

"ரெண்டு பேர். நான் மூத்தவள், சாரங்கா. ஏ.எல். படிச்சனான். இவளை எழுதாதேங்கோ, இவளுக்கு நாலு பேரோட நிக்கத் தெரியாது."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போக வியாழக்கிழமை விடிய வருவதாகச் சொன்னார்கள். அம்மா உள்ளே பாயில் விழுந்து அழுகிற சத்தம் கேட்டது. அக்கா என் கையைப் பிடித்துக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய நகம் தோலில் பதிந்தது.

"அந்த வருசங்களைப் பற்றி அம்மாட்டச் சொல்லிப்போடாத. எனக்காண்டி இல்லை. இனி அவா உன்னோடதான் இருக்கவேணும், விளங்குதோ?"

நான் ஓம் என்றேன்.

வியாழக்கிழமை சொன்ன நேரத்துக்கே வந்தார்கள்.