கரும்பச்சை வண்டியின் இடப்பக்கம்

வெள்ளைக் காரின் முன் சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவியபோது பரிசோதகரின் விரலில் பொடி மணல் ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். வண்டி முழுக்க எலுமிச்சை சென்ட் மணத்துக்கொண்டிருந்தது. விரலில் மட்டும் சேற்று வாடை.

இருபத்திரண்டு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர் அவர். தூங்குகிறவன் எவன், தூங்குவதுபோல் கிடக்கிறவன் எவன் என்று இமையைப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டிலும் அந்தக் கண் ஓய்வதில்லை. தேதி பார்க்காமல் பால் பாக்கெட்டைக்கூட உள்ளே விடமாட்டார் என்று மனைவி கேலி செய்வாள். கார் விஷயத்தில் மட்டும் அவள் கேலி செய்யவில்லை. நடக்க முடியாத எட்டு வயது மகளை வாரத்துக்கு மூன்று நாள் கால் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் வாடகை வண்டிக்காரர்கள் கண்டும் காணாமல் போய்விடுகிறார்கள். போன மாதம் நாலு பயிற்சி தவறியதில், கொஞ்சம் நீளத் தொடங்கியிருந்த முழங்கால் மறுபடியும் மடங்கிக்கொண்டது.

வெள்ளைக் கார் ஒரு பல் டாக்டருடையது. வீட்டுக்கும் கிளினிக்குக்கும் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை என்றார் அவர். பரிசோதகர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். அடி முனையில் காவி நிறத்தில் ஒரு கோடு. வண்டி வெள்ளத்தில் இருக்கை உயரத்துக்கு மூழ்கிக் கிடந்திருக்கிறது. இந்த வண்டியைத் தேடிப் பிடித்தவன் மனைவியின் தம்பி, மெக்கானிக். அவனைத் தனியே அழைத்து விரலைக் காட்டினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாது அத்தான்" என்றான். அவர் நம்பவும் இல்லை, நம்பாமல் இருக்கவும் இல்லை. அதை அப்படியே மனதில் ஓரங்கட்டி வைத்துவிட்டு, மனைவி, மகள், மைத்துனன் எல்லோரோடும் அடுத்த வண்டியைப் பார்க்கக் கிளம்பினார்.

அது கரும்பச்சை. நாலு வருடம் கூடுதல் பழசு. ஓய்வுபெற்ற ஒரு நர்ஸம்மா வைத்திருந்தார். கேட்பதற்கு முன்பே குறைகளை அடுக்கினார். ஏசி முனகும், பின் ஜன்னல் ஒன்று இறங்காது, காலையில் இரண்டாவது தடவைதான் ஸ்டார்ட் ஆகும். பேசிக்கொண்டே குனிந்து, குழந்தையின் முழங்காலுக்குக் கீழே கைகொடுத்துத் தாங்கிப் பின் சீட்டில் உட்கார வைத்தார். தெரிந்த கை. சக்கர நாற்காலி கழற்றாமலே டிக்கியில் போய் உட்கார்ந்தது. மனைவியின் முகம் மலர்ந்தது. பரிசோதகருக்குச் சந்தேகம் வலுத்தது அப்போதுதான். சின்னக் குறைகளை இப்படிக் கொட்டிக் காட்டுகிறவர் பெரியதாக எதையோ மூடுகிறார்.

வண்டியைச் சுற்றி வந்தார். வலப்பக்கம் துடைத்து வைத்த தட்டுபோல் இருந்தது. கீறல்கள் எல்லாமே இடப்பக்கம். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பம்பரின் ஓரத்தில் சிவப்புப் பெயிண்ட் அப்பியிருந்தது. கேட் தூணில் இடித்துக்கொண்டதாக நர்ஸம்மா சொன்னார். தூணோ வெள்ளை.

அவர் மெல்ல நர்ஸம்மாவின் இடப்பக்கம் போய் நின்று சாவியை நீட்டினார். நர்ஸம்மா திரும்பவில்லை. சாவி நீட்டியபடியே இருந்தது.

"இந்தச் சிவப்பு எங்கேம்மா பட்டுச்சு?"

நர்ஸம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். சாவியைப் பார்த்தார். மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு வருஷமா இந்தப் பக்கம் சரியாத் தெரியறதில்ல தம்பி. பையன்கிட்டகூடச் சொல்லல. போன வாரத்துக்கு முந்தின வாரம், நல்ல மழை. மருந்துக்கடை வளைவுல டமால்னு ஒரு சத்தம். ஏதோ சாய்ஞ்ச மாதிரி இருந்துச்சு. நான் நிறுத்தல. நாப்பது வருஷம் நர்ஸா இருந்தவ, இறங்கிப் பார்க்காம வந்துட்டேன்." நீட்டிய சாவியை அவர் பக்கமே தள்ளினார். "இதை வாங்கிட்டுப் போயிடுங்க. இங்க நின்னா நான் மறுபடியும் எடுத்துடுவேன்."

பொய் சொல்கிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவருக்கு இது உண்மை என்று தெரிந்தது. பொய்யாக இருந்தால் தேவலை என்று முதன்முறையாகத் தோன்றியது. பாலிஷ் போட்டால் சிவப்பு போய்விடும் என்று மைத்துனன் முணுமுணுத்தான். அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

வளைவு எங்கே என்று கேட்டுக்கொண்டு தனியாக நடந்தார். தரையையே பார்த்துக்கொண்டு போனார். உடைந்த கண்ணாடி, சைக்கிள் மணி, ஒற்றைச் செருப்பு என்று எது கண்ணில் படுமோ என்று பயமாக இருந்தது. வளைவில் சிவப்புத் தபால் பெட்டி ஒன்று, முதுகு பிடித்துக்கொண்டவரைப்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முழங்கால் உயரத்தில் நசுங்கல். அதில் கரும்பச்சைக் கோடு. அப்போதும் அவருக்கு மனம் ஆறவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எதிரே செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தார். அந்த மழையன்றிலிருந்து அது அப்படித்தான் நிற்கிறது, கடிதமெல்லாம் நனைந்துபோய்த் தபால்காரர் தினமும் சபித்துக்கொண்டே திறக்கிறார், மற்றபடி யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றார் அவர்.

திரும்பி வந்து சொன்னபோது நர்ஸம்மா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"நிஜமாவா? என் மனசு ஆறணும்னு சொல்றீங்களா?"

தன்னை ஒருவர் அப்படிச் சந்தேகத்தோடு பார்த்துப் பரிசோதகருக்குப் பழக்கமில்லை. மனைவிதான் சொன்னாள்: "அந்த மாதிரி இதமாப் பேசத் தெரிஞ்சவர் இல்லம்மா இவர்."

நேரிலேயே காட்டிவிடலாம் என்று நர்ஸம்மாவை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டினார். இரண்டாவது தடவைதான் ஸ்டார்ட் ஆனது. பையனிடம் கண்ணைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள் என்று போகிற வழியில் ஒருமுறை சொன்னார்.

வளைவில் வண்டி நின்றதும் நர்ஸம்மா இறங்கிப் போய்த் தபால் பெட்டியின் முன் குனிந்தார். பார்த்தது போதவில்லை போலும். நசுங்கிய இடத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, அடிபட்ட எலும்பை அழுத்திப் பார்ப்பதுபோல, மேலிருந்து கீழாக மெல்ல மெல்லத் தடவத் தொடங்கினார்.