தபீதாள் வெளியே நின்ற வருஷங்கள்

1961 ஆகஸ்ட் எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு முப்பத்தைந்துக்குக் கிழக்குத் தாம்பரத்து மிஷன் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு தபீதாளை வெளியே நிற்கச் சொன்னார்கள். திரும்பக் கூப்பிட மறந்துபோனார்கள். 1973 ஜூன் நாலாம் தேதி, கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை, அவள் அதே வராந்தாவில் அதே தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். வயது ஒன்பது. அன்றைக்கு ஆடிக்கொண்டிருந்த பால்பல் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

மறந்ததில் மர்மம் ஒன்றும் கிடையாது. வெளியே அனுப்பிய ரத்தினபாய் டீச்சர், நான் கூப்பிட்டால்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிய ஐந்தாவது நிமிஷம் நாகர்கோவிலிலிருந்து தந்தி வந்தது. தகப்பனார் தவறிவிட்டார். அன்றைக்கே ரயில் ஏறிய டீச்சர் ஊரோடு தங்கிவிட்டார். அங்கேயே கல்யாணம், அங்கேயே வேலை. அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையை வெளியே அனுப்பிய டீச்சர்தான் உள்ளே கூப்பிட வேண்டும். வேறொருவர் கூப்பிட்டால் அந்த டீச்சரின் முகத்தில் அடித்த மாதிரி. அதனால் அடுத்து வந்த டீச்சர் கூப்பிடவில்லை. அதற்கடுத்து வந்தவர், நான் வரும்போதே நின்ற பிள்ளைதானே என்று விட்டுவிட்டார். தாய் அருள்மேரி குவாரியில் ஜல்லி உடைக்கிறவள். முதல் நாள் சாயங்காலம் வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சர் இன்னும் கூப்புடலம்மா" என்றாள் மகள். இழுத்தால் வரவில்லை, தூக்கினால் அசையவில்லை. மறுநாள் குவாரியில் பாறை புரட்டுகிற ஆட்கள் நாலு பேர் வந்து முயன்றார்கள். தோள் சுளுக்கியதுதான் மிச்சம். ஆயர் வந்து தலையில் கைவைத்து, எழுந்து நட என்றார். அவள் ஏற்கெனவே எழுந்துதான் நின்றுகொண்டிருந்தாள். அந்த மாதமே அருள்மேரி தன் குடிசையைப் பிரித்துப் பள்ளிச் சுவருக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள். காலையில் வந்து மகளுக்குத் தலை வாரிவிட்டு வேலைக்குப் போவாள், சாயங்காலம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

வருஷங்கள் அதுபாட்டுக்குப் போயின. சீனாக்காரன் சண்டை வந்தது. இந்தி எதிர்ப்பில் பள்ளிகளை மூடினார்கள். பூட்டிய பள்ளியின் வராந்தாவில் அவள் ஒருத்தி நின்றாள். ஆட்சி மாறியது. பள்ளிச் சீருடைப் பாவாடை பச்சையிலிருந்து நீலமானது. அவளுடையது பச்சையாகவே இருந்தது, கிழியவும் இல்லை. ஆஜர் பட்டியலில் அவளுக்கு ஆஜரும் போட முடியவில்லை, ஆப்சென்டும் போட முடியவில்லை, அதனால் தினம் ஒரு புள்ளி வைத்தார்கள். ஆண்டு ஆய்வுக்கு வந்த இன்ஸ்பெக்டர் ஒருவர் பெஞ்சு இத்தனை, தேசப்படம் இத்தனை என்று எழுதிய தாளின் அடியில் ‘வெளியே: 1’ என்று குறித்தார். பின்னால் வந்த இன்ஸ்பெக்டர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே எழுதினார்கள். மத்தியானத்தில் ஆயா கிளியம்மாள் கோதுமை உப்புமாவை அவள் கையில் வைத்தாள். பிள்ளைகள் பந்து விளையாடப் போகும்போது பைகளை அவள் தோளில் மாட்டிவிட்டுப் போனார்கள். அவளுடன் படித்தவர்கள் ஐந்துக்குப் போய், எஸ்.எஸ்.எல்.சி. தேறி அல்லது தேறாமல், சிலர் தங்கள் கல்யாணப் பத்திரிகையைக்கூட வந்து அவளிடம் கொடுத்தார்கள். ஒருத்தராவது, ஏன் நிற்கிறாய் என்று அவளைக் கேட்கவில்லை.

அந்த 1973 ஜூன் நாலாம் தேதிதான் ஜெயசீலி அங்கே வேலையில் சேர்ந்தாள். ரயில்வே கேங்மேன் லாசரஸின் மகள். அந்தக் குடும்பத்தில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆள், எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டீச்சர் ட்ரெயினிங் தேறியவள். பேச்சில் முலாம் பூசத் தெரியாது. குழந்தை உளவியல் தாளில் பயிற்சிப் பள்ளியிலேயே முதல் மார்க். இடது மணிக்கட்டில் அகலமான தோல்வார் போட்ட வாட்ச். குளிக்கும்போது தவிரக் கழற்ற மாட்டாள். சாக்பீஸ் டப்பாவை வாங்கிக்கொண்டு நாலாம் வகுப்பை நோக்கி நடந்தவள் தூணோரம் பச்சைப் பாவாடையைப் பார்த்தாள். டப்பா கீழே விழுந்து அத்தனை சாக்பீசும் நொறுங்கியது. கிளியம்மாள் பெருக்க வந்தாள்.

"இன்னா டீச்சர், அதப் பாத்தா பயந்துட்ட? அது நம்ம தபீதா. பன்னெண்டு வருசமா நின்னுகினு கீது. தங்கமான புள்ள, ஒரு பேஜார் கெடையாது."

தபீதாளை ஜெயசீலிக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். 1961 ஜூன் மாதம் தபீதாளின் அப்பா யேசுதாசன் குவாரியில் வெடி வைக்கும்போது செத்துப்போனார். குவாரியில் தினம் பகல் பன்னிரண்டரைக்கு விசில் ஊதி வெடி வைப்பார்கள். பள்ளிக்கூடத்து ஓடு அதிரும். அப்பா போன பிறகு அந்தச் சத்தம் கேட்டால் தபீதாள் பெஞ்சுக்கு அடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வகுப்பு சிரிக்கும். ரத்தினபாய் டீச்சர் காதைப் பிடித்து வெளியே இழுப்பார். ஆகஸ்ட் எட்டாம் தேதி வெடித்தபோது ஜெயசீலி பெஞ்சுக்கு அடியில் குனிந்து, "உங்கப்பா வெடிக்கிறாரு, கேளுடி" என்றாள். தபீதாள் அவள் மணிக்கட்டைக் கடித்தாள். ரத்தம் வந்தது. என்ன நடந்தது என்று டீச்சர் கேட்டது ஜெயசீலியைத்தான். "சும்மாவே கடிச்சா டீச்சர்" என்றாள் ஜெயசீலி. கடித்தவளை யாரும் கேட்கவில்லை. அந்த வாரமே லாசரஸுக்குச் செங்கல்பட்டுக்கு மாற்றல் வந்தது, குடும்பம் மூட்டை கட்டியது. அதற்குப் பிறகு தபீதாள் என்னவானாள் என்று ஜெயசீலி விசாரிக்கவில்லை. வாட்ச் வாருக்கு அடியில் இருந்தவை நாலு பல் தடங்கள்.

இதை அந்த நிமிஷமே அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆத்திரப்பட்டாள். தலைமையாசிரியர் தனசிங்கின் அறைக்குள் அனுமதி கேட்காமல் நுழைந்து, ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வருஷம் நிற்கவைத்திருக்கிறீர்களே, இது பள்ளிக்கூடமா ஜெயிலா என்று கேட்டாள். தனசிங் நல்ல மனிதர், எரிச்சல் படாதவர்.

"உக்காருங்க ஜெயசீலி. அந்தக் கேஸ் நான் சார்ஜ் எடுக்கறதுக்கு முன்னாடியே இருக்கு. ஃபைல் இல்ல. ஃபைல் இல்லாம நான் என்னம்மா பண்றது?"

ஜூன் மாதம் முழுக்க அவள் கோபம் அந்தப் பள்ளியில் யாரையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையின் தோளில் பை மாட்டிய பையன்களை நிற்க வைத்துத் திட்டினாள். திட்டி முடித்ததும்தான் தானும் நிற்கவைத்துவிட்டது உறைத்தது, உட்காரச் சொன்னாள். சக டீச்சர்களிடம் உங்கள் வயிற்றில் பிறந்ததாக இருந்தால் விடுவீர்களா என்று கேட்டு, மத்தியானச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட வேண்டியவளானாள். மேலிடத்துக்கு மூன்று மனு எழுதினாள். தபீதாளிடம் போய், உள்ளே வா, நான்தான் இப்போது உன் டீச்சர் என்று சொல்லிப் பார்த்தாள். தபீதாள் மரியாதையாக, நீங்க என்னை வெளியே அனுப்பலையே டீச்சர் என்றாள். உளவியல் புத்தகத்தில் சொன்னபடி வண்ணச் சாக்பீஸ் கொடுத்து வரையச் சொன்னாள். அவள் தரையில் ஒரு பெஞ்சு வரைந்து, அதன் அடியில் ஒரு சின்ன வட்டம் போட்டாள். அதற்குமேல் ஜெயசீலி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

ஜூலை கடைசியில் மூன்று நாள் லீவு போட்டுத் திருநெல்வேலி வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்சிலுமாக நாகர்கோவில் போனாள். ரத்தினபாய் டீச்சர் இப்போது ஒரு பள்ளியின் தலைமையாசிரியை, கண்ணாடி போட்டிருந்தார். பலாச்சுளை கொடுத்து உபசரித்தார். ஜெயசீலி விஷயத்தைச் சொன்னாள். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் யோசித்தார். நினைவே இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரு உயிரைத் தூணோடு நிறுத்திய வார்த்தை, சொன்னவர் மண்டையில் ஒரு கீறல்கூடப் போடாமல் போயிருந்தது.

"வெளிய நிறுத்துன பிள்ளைய எத்தனையோ உண்டு மோளே, எதைன்னு ஓர்மை வைக்க? சரி, கடிச்சான்னு சொல்லுதியே, எதுக்கு கடிச்சாளாம்?"

அந்தக் கேள்வியை முதல் முதலாகக் கேட்டவர் அவர்தான், பன்னிரண்டு வருஷம் தாமதமாக. ஜெயசீலி வாட்ச் வாரை இறுக்கிக்கொண்டு, தெரியவில்லை என்றாள். ரத்தினபாய் ஒரு தாளில், தபீதாள் உள்ளே வரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் மனசு கெட்டதில்லை.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை, அந்தக் கடிதத்தைத் தபீதாள் கையில் கொடுத்தாள். பார்க்கத் தனசிங்கும் மற்ற டீச்சர்களும் வராந்தாவில் கூடினார்கள். குவாரிக்குப் போகாமல் அருள்மேரி வந்திருந்தாள், கையில் புதுசாகத் தைத்த நீலப் பாவாடை. தபீதாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். நாலாம் வகுப்பில் ஆகஸ்ட் வரை மட்டுமே படித்தவள்.

"கையெழுத்து டீச்சரோடதுதான்" என்றாள். "ஆனா நான் ஏன் கடிச்சேன்னு இதுல இல்லியே."

கடிதத்தை மடித்து ஜெயசீலியிடமே திருப்பிக் கொடுத்தாள். அருள்மேரி பாவாடையால் முகத்தை மூடிக்கொண்டாள். தனசிங் செருமிவிட்டு, சரி, அவரவர் வகுப்புக்குப் போங்கள் என்றார். மணி பன்னிரண்டு இருபது. ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லாரும் திரும்பினார்கள். தபீதாள் தூணோரம் முதுகை வைத்து, இன்னும் ஒரு பன்னிரண்டு வருஷம் நிற்பதற்குத் தோதாகக் காலை அகட்டிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் ஜெயசீலிக்கு உடைந்தது. வாட்சைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

"யாரும் போவாதீங்க" என்றாள். வகுப்பின் கதவைத் திறந்துவைத்து, உள்ளே இருந்த நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "இவ சும்மா கடிக்கல. இவங்கப்பா குவாரியில வெடிச்சு செத்தாரு. வெடிச் சத்தம் கேட்டப்ப, உங்கப்பா வெடிக்கிறாரு கேளுடின்னு நான் இவ காதுல சொன்னேன். டீச்சர் கேட்டப்ப பொய் சொன்னேன். அன்னிக்கு வெளிய நின்னுருக்க வேண்டியது நான்."

தனசிங் வாயைத் திறந்தவர் மூடவில்லை. அருள்மேரி பாவாடையை இறக்கி ஜெயசீலியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி ஜெயசீலி பின்னால் யாரிடமும் பேசியதில்லை. அருள்மேரி கேட்டது இவ்வளவுதான்: "படிச்சவளே, இத்த சொல்லிக்க ஒனக்கு இத்தினி வருசமா?"

தபீதாள் குனிந்து ஜெயசீலியின் மணிக்கட்டைப் பார்த்தாள். நாலு தடமும் தெளிவாக இருந்தன.

"நீன்னு எனக்கு மொத நாளே தெரியும்டி ஜெயா. நீ சொல்லுவியான்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். பிறகு வகுப்பைப் பார்த்து, "எல்லாருக்கும் கேட்டுச்சா?" என்றாள். கேட்டுச்சு என்றார்கள் பிள்ளைகள். அவள் தூணை விட்டு நகர்ந்து, வாசலைத் தாண்டி, மூன்றாம் பெஞ்சில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அங்கே இருந்த பிள்ளை தள்ளி இடம் கொடுத்தது.

அவள் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது, குவாரியில் விசில் ஊதினார்கள். வெடி வெடித்தது, ஓடு அதிர்ந்தது. தபீதாள் பெஞ்சுக்கு அடியில் போனாள். ஒரு பையன் சிரிக்க வாயெடுத்தான். ஜெயசீலி டீச்சர் புடவையை இடுக்கிக்கொண்டு, மண்டியிட்டு, அதே பெஞ்சுக்கு அடியில் நுழைந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் அந்த வாய் மூடியது. முதலில் இடம் கொடுத்த பிள்ளை அடியில் போனது. பிறகு அடுத்த பெஞ்சு, அதற்கடுத்த பெஞ்சு. கடைசியாகச் சிரிக்கப் பார்த்த பையனும் போனான். அடியில் புழுதி, பென்சில் துண்டு, புளியங்கொட்டை. அந்த இருட்டில்தான் தபீதாளின் பால்பல் விழுந்தது. அவள் அதை ஜெயசீலியின் உள்ளங்கையில் வைத்தாள், வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை, எறி என்றும் சொல்லவில்லை.

அதிலிருந்து அந்தப் பள்ளியில் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. தனசிங் உத்தரவு எதுவும் போடவில்லை. கூப்பிட மறந்துவிட்டால் என்ன செய்வது என்று டீச்சர்களுக்கே பயம். கடிக்கிற பிள்ளை, ஸ்லேட்டை உடைக்கிற பிள்ளை, பேசாத பிள்ளை எதுவானாலும் முதலில் அந்தப் பிள்ளையையே ஏன் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. தபீதாள் அரையாண்டுப் பரீட்சைக்குள் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாள். மழைக்காலத்தில் வராந்தா முழுக்கச் சாரல் நனைத்தாலும் தூணோரம் இரண்டு சின்னப் பாதங்களின் அளவுக்குத் தரை காய்ந்தே கிடந்தது. கிளியம்மாள் அதைச் சுற்றிப் பெருக்கினாள். நேரப் பட்டியலில் பன்னிரண்டு இருபத்தெட்டு முதல் பன்னிரண்டு முப்பத்திரண்டு வரை ‘பெஞ்சு அடி’ என்று எழுதி எல்லா வகுப்பிலும் ஒட்டினார்கள்.

1974 பிப்ரவரியில் ஆண்டு ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் ராஜகோபால் வந்தார். நாலாம் வகுப்புக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு இருபத்தொன்பது. அறையில் ஒரு தலைகூட இல்லை. திரும்பப் போனவரைத் தரையிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், வெடிக்கப்போவுது சார், சீக்கிரம் உள்ள வாங்க என்று கூப்பிட்டது. அவர் மூன்றாம் பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். டீச்சரும் இரண்டு பிள்ளைகளும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் பையைக் கீழே வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வெடித்து முடிந்து வெளியே வந்ததும் முழங்கால் புழுதியைத் தட்டிவிட்டு, பெஞ்சு இத்தனை, தேசப்படம் இத்தனை என்று எழுதினார். வழக்கமாகக் குறிக்கிற இடத்துக்கு வந்ததும் ஒரு தரம் வராந்தாவை எட்டிப் பார்த்து, ‘வெளியே: யாருமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.