பார்க்காத மணி நேரங்கள்

எங்கள் பள்ளியில் முதல் இருபது பேருக்கு மட்டும் தனி வகுப்பு உண்டு. அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துப் பொறுக்கி எடுப்பார்கள். மாடியில் ஓர் அறை, ஒழுங்காக ஓடும் மின்விசிறி, இருப்பதிலேயே நல்ல ஆசிரியர்கள். வாரத்துக்கு மூன்று மாதிரித் தேர்வு வைத்து, எழுதிய தாளை மறுநாளே திருத்தித் தருவார்கள். மற்ற எழுபது பேருக்கும் கீழ்த்தளத்தில் எது மிச்சமோ அதுதான். நான் பதினோராவது ஆளாக மாடிக்குப் போனேன். பொதுத்தேர்வுக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. எனக்கு இயற்பியல் படிக்க ஆசை. நான் மனதில் வைத்திருந்த கல்லூரியில் அதற்கு மொத்தம் நாற்பது இடம்தான், மதிப்பெண்ணை மட்டுமே பார்ப்பார்கள். ஆகவே அந்த மாடி அறை எனக்கு வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நான் செய்ததைக் கேள்விப்பட்டு, திமிர் பிடித்தவள், படிப்பில் அக்கறை இல்லாதவள் என்று சிலர் பேசினார்கள். திமிர் கொஞ்சம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அக்கறை இல்லை என்பது பொய்.

மாடி அறையோடு கூடவே ஒரு தாளும் வந்தது. 'வீட்டுப் படிப்புப் பதிவு' என்று தலைப்பு. விடிகாலை நாலு முதல் ஏழு வரை, மாலை ஐந்து முதல் பத்து வரை, மணிக்கு ஒரு கட்டம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாள் முழுக்கக் கட்டங்கள். பிள்ளை அந்த ஒரு மணி நேரமும் மேசையை விட்டு எழாமல் படித்தது, நான் கண்ணால் பார்த்தேன் என்று ஒவ்வொரு கட்டத்திலும் பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். வாரம் ஒரு தாள். திங்கட்கிழமை காலையில் துணைத் தலைமையாசிரியையின் மேசைக்குப் போய்விட வேண்டும். நண்பர்களோடு ஊர் சுற்றுவது, கூடிப் பேசுவது எல்லாம் தேர்வு முடியும்வரை கிடையாது என்று அடியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. ஏனென்றால் மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை நான் மேசையில் இருப்பதில்லை. எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்பும் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். கூட இரண்டு பேர். ஒருத்தி ரேடியோ, வாயை மூடவே மாட்டாள், ஆனால் மாடி அறையில் நாலாவது இடம். இன்னொருத்தி குண்டூசி, ஆள் அவ்வளவு ஒல்லி, கணக்கில் முப்பதைத் தாண்டியதில்லை, கீழ்த்தளம். ஆறாம் வகுப்பிலிருந்து மூவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி.

முதல் ஒரு மணி நேரம் ஊர்க்கதைதான். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த ஆசிரியர் எந்தச் சட்டையை மூன்றாம் நாளும் போட்டு வந்தார், இதெல்லாம். கடைசி அரை மணிக்கு ஒரு விளையாட்டு. அன்று படித்ததில் ஒன்றைப் புத்தகம் இல்லாமல் சொல்ல வேண்டும். கேட்பவள் மூன்று முறை 'ஏன்?' என்று கேட்கலாம். மூன்றாவது ஏனுக்குப் பதில் வராவிட்டால் தோற்றவள் மற்றவர்களின் பள்ளிப் பையை மறுநாள் வாசல் வரை சுமக்க வேண்டும். குண்டூசி கேட்கிற 'ஏன்' இருக்கிறதே, அது ஆளைக் கொல்லும். அவளுக்கு நிஜமாகவே புரியாது, அதனால் நிஜமாகவே கேட்பாள். எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்திருந்த பாடங்களில் பாதியை நான் உருப்போட்டிருந்தேனே தவிர, விளங்கிக்கொள்ளவில்லை என்பது அவளிடம் விழித்தபோதுதான் தெரிந்தது. அவளிடம் தோற்றதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்து, காலையில் அந்த நோட்டை மட்டும் படிப்பேன். மொத்தத்தில் வீட்டில் என் படிப்பு நாலு மணி நேரம். பத்து மணிக்கு மேல் விழித்திருந்தால் எனக்கு ஒன்றும் ஏறாது, தூங்கிவிடுவேன்.

தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள், வீடு திரும்ப எட்டாகும். தாளைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் தள்ளினாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு கட்டடத்திலும் மேல்தள மோட்டார் அறையில் ஓர் அட்டை தொங்கும். மாதம் ஒருமுறை பிரேக், கம்பிவடம், கதவுப் பூட்டு எல்லாம் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கையெழுத்துப் போட வேண்டும். ஒருமுறை மோட்டார் அறைச் சாவி கிடைக்கவில்லை. 'வடம் பார்க்கவில்லை' என்று அட்டையில் எழுதிவிட்டு வந்து, முதலாளியிடம் அரை நாள் வசவு வாங்கினார். இருபத்திரண்டு வருடமாக அவர் கை பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை. எனக்கு இது தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை அவரிடம் விட்டேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலை நாலாக மடித்து என் பையில் வைத்தார். நான் பிரித்துப் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அப்பாவை அழைத்து வரச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஆள் வந்தது. என்ன எழுதினீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். உள்ளதைத்தான் எழுதினேன் என்றார்.

மறுநாள் இருவரும் போனோம். துணைத் தலைமையாசிரியையின் அறைச் சுவர் முழுக்கப் பழைய மாணவர்களின் படங்கள். யார் முகத்திலும் தூங்கிய களை இல்லை. அவர் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு என் தாளை எடுத்து வாசித்தார். திங்கள், காலை நாலு: 'தூங்கினாள்.' ஐந்து: 'ஐந்தரைக்கு எழுந்து படித்தாள்.' மாலை ஐந்து: 'நான் வேலையில். பார்க்கவில்லை.' புதன், மாலை ஐந்து: 'படியில் தோழிகளோடு. சிரிப்புச் சத்தம் கேட்டது.' ஞாயிறு, பதினொன்று: 'கேரம் ஆடினோம். நான் தோற்றேன்.' ஒவ்வொன்றுக்கும் கீழே அப்பாவின் கையெழுத்து, தேதியோடு.

எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உலகத்தில் எல்லா அப்பாவும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள், இவருக்கு மட்டும் என்ன வந்தது என்று பல்லைக் கடித்தேன்.

மற்ற பெற்றோர் எப்படி நிரப்புகிறார்கள் என்று காட்டுவதற்காக, அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்த தாள்களில் சிலவற்றைத் துணைத் தலைமையாசிரியை மாணவிகளிடமிருந்து வாங்கி வைத்திருந்தார். பாருங்கள், எவ்வளவு பொறுப்பு என்று அப்பாவிடம் நீட்டினார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மோட்டார் அறை அட்டையைப் பார்ப்பது போலவே ஒவ்வொரு கட்டமாக விரலை ஓட்டினார். மேலே இருந்தது ரேடியோவின் தாள். அவள் பெயர் இருந்த மூலையை அப்பா மெதுவாக உள்ளே மடித்தார். என் கண்ணில் அது பட்டது.

"மேடம், இன்னிக்கு வியாழக்கிழமைதானே?" என்றார்.

ஆமாம் என்றார் அவர்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் பாத்தாச்சுன்னு கையெழுத்து இருக்குங்களே."

அவர் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். அடுத்த தாளையும் புரட்டினார். அதிலும் அதே கதை. பிறகு எல்லாவற்றையும் அடுக்கி ஓரமாக வைத்துவிட்டு, யார் எப்போது போடுகிறார்கள் என்பது முக்கியமில்லை, ஒரு கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் முக்கியம் என்றார். கல்வி அலுவலகத்திலிருந்து பார்க்க வருவார்கள், இந்தத் தாள்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்றார். குரலில் கடுமை இல்லை. உண்மையில் எனக்கு உதவி செய்வதாகத்தான் அவர் நினைத்தார். ஒரு வெற்றுத்தாளையும் தன் பேனாவையும் அப்பா பக்கம் நகர்த்தினார்.

"எல்லாக் கட்டத்துலயும் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் சார். படியில உக்கார்றதையும் நிறுத்திடணும். அவ மாடியிலயே இருக்கட்டும். இல்லேன்னா நான் அவளைக் கீழ அனுப்ப வேண்டியிருக்கும்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத கிரீஸ் அவர் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. பேனா முனையைத் திங்கட்கிழமை நாலு மணிக் கட்டத்தில் வைத்தார். வைத்தவர் அப்படியே இருந்தார். நான் அந்த நேரத்தில் தூங்கினேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சற்று முன்பு வரை அவர் ஏன் போடவில்லை என்று எரிந்துகொண்டிருந்தேன். இப்போது போடப்போகிறார் என்று பார்த்ததும் அந்த எரிச்சல் போன இடம் தெரியவில்லை. முதலாளி திட்டியபோது வளையாத கை எனக்காக வளைகிறது. அதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அப்பா, வேணாம்."

"உனக்கு இந்த வகுப்பு வேணும்ல?" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"வேணும். ஆனா நீங்க போடாதீங்க."

அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி மூடினேன். அதைத் துணைத் தலைமையாசிரியையின் மேசையில் வைத்துவிட்டு எழுந்து நின்று பேசினேன்.

"நான் வீட்ல நாலு மணி நேரம்தான் படிக்கிறேன் மேடம். சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸோட பேசறேன், அதை நிறுத்த மாட்டேன். எங்கப்பா எழுதினது அத்தனையும் நிஜம்."

கீழே போனால் மதிப்பெண் போய்விடும், பிறகு அழுது பயனில்லை என்றார் அவர்.

"போனா என் மார்க்தானே மேடம் போகும்" என்றேன்.

அன்று மதியமே பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பேசும்போது இருந்த வீரம் படிக்கட்டிலேயே பாதி கரைந்துவிட்டது. கீழ்த்தளத்தில் மின்விசிறி ஓடுவதும் நிற்பதும் அதன் இஷ்டம். குண்டூசி தன் பெஞ்சில் இடம் விட்டாள். உனக்கு மண்டை குழம்பிவிட்டதா என்று கேட்டுவிட்டு, அந்த வகுப்பு முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அம்மாவோ எங்கள் இரண்டு பேரோடும் பேச்சை நிறுத்திவிட்டாள். மாடி வகுப்பைத் தூக்கி எறிய இவளுக்கு யார் தைரியம் கொடுத்தது என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். மூன்றாம் நாள் விடுப்பு எடுத்தவள், ஐந்து மணிக்குப் படிக்கட்டுக்கு மூன்று டம்ளர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ரேடியோ மாடியில் நடந்த மாதிரித் தேர்வுத் தாள்களைத் தினமும் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தாள். தன் அம்மா முன்கூட்டியே கையெழுத்துப் போட்டது அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதை அவள் வாயால் சொன்னதில்லை, வாயாடியாக இருந்தும். நான் நேரம் வைத்து எழுதுவேன், அவள் திருத்துவாள், குண்டூசி ஏன் ஏன் என்று எங்கள் இரண்டு பேர் உயிரையும் எடுப்பாள். ஆனால் பூசி மெழுக விரும்பவில்லை, மாடி ஆசிரியர்கள் இல்லாதது வலித்தது. வேதியியலில் இரண்டு பாடங்கள் எனக்குக் கடைசிவரை சரியாகப் பிடிபடவில்லை. சில நாள் குளிக்கும்போது தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறேன். ஐந்து மணிக்குப் படிக்கட்டுக்குப் போவதை மட்டும் ஒருநாள்கூட விடவில்லை.

முடிவு வந்தது. ரேடியோ பள்ளியில் முதல். குண்டூசிக்குக் கணக்கில் அறுபத்தெட்டு. அவள் மதிப்பெண் தாளை மூன்று முறை தடவிப் பார்த்தாள். நான் நாலாவது. கல்லூரியின் நாற்பது இடங்களில் முப்பத்தேழாவது பெயர் என்னுடையது. இன்னும் கொஞ்சம் சறுக்கியிருந்தால் வெளியே நின்றிருப்பேன்.

சான்றிதழ் வாங்கப் போன அன்று அப்பா வாசலில் நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. துணைத் தலைமையாசிரியை என் மதிப்பெண்களைப் பார்த்தார். முதலிடத்துக்கும் எனக்கும் ஆறு மதிப்பெண் வித்தியாசம். எல்லாம் வேதியியலில் போனது.

"மாடியிலேயே இருந்திருந்தா இந்த ஆறையும் எடுத்திருப்பே" என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"எடுத்திருப்பேன் மேடம்" என்றேன். "ஆனா அந்த ஆறையும் எங்கப்பா பொய் சொல்லி எனக்கு வாங்கித் தந்ததா ஆகியிருக்கும். அப்படி வர்ற முதல் இடம் எனக்கு வேணாம்."