தொடாமல் விட்ட சர்வர்

திங்கட்கிழமை காலை ஆஸென் வேலைக்கு வந்து சேர்வதற்குள் செய்தி உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வெளியூரிலிருந்து சர்வர்களுக்குள் நுழைய உதவும் லாகின் மென்பொருளில் ஓட்டை. அந்த மென்பொருள் இல்லாத சர்வரைப் பார்ப்பது அபூர்வம். வாசலில் நின்றுகொண்டு, நீ யார், சாவி இருக்கிறதா என்று கேட்பதுதான் அதன் வேலை. சாவியே இல்லாதவன்கூட மணிக்கணக்கில் பொறுமையாகத் தட்டிக்கொண்டிருந்தால், ஏதோ ஒரு தட்டலில் கதவு திறந்துவிடும் என்று கண்டுபிடித்திருந்தார்கள். திறந்துவிட்டால் வீடே அவன் கையில்.

கருங்கடல் கரை நகரமான வார்னாவில் கடல் ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் நூற்று எண்பத்து நான்கு சர்வர்கள். அவற்றுக்குப் பொறுப்பு இரண்டு பேர்: ஆஸென், அவனைவிடப் பன்னிரண்டு வயது மூத்த பிளாமென். மேலே மூன்று மாடிக்கும் கடல் தெரியும். இவர்கள் அறைக்கு ஜன்னலே கிடையாது.

பிளாமென் பாலாடைக்கட்டிப் பலகாரம் மடித்த, எண்ணெய் ஊறிய காகிதப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"என்னடா, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி மூஞ்சிய வெச்சிருக்க?"

"ஓட்டை அண்ணே. எல்லா சர்வர்லயும்."

"டைரக்டர் மண்டையிலயுமா?"

"அது பழைய ஓட்டை."

"அப்ப அதுக்குப் பேட்ச் வராது. பனித்ஸா சாப்பிடு, சூடா இருக்கு."

சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்கள். முதலில் சர்வருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஓட்டையை அடைத்த புது மென்பொருளை, அதாவது பேட்சைப் போட்டு, வாசல்காரனை மட்டும் நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். அதற்கு இரண்டு விநாடி. பிறகு இன்னொரு திரையிலிருந்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதலில் நுழைந்த வழியை மூடலாம். பார்க்காமல் மூடினவன் தன் வீட்டுக்கே வெளியே நிற்பான். ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. வாசலில் ஆள் மாறியதே அவற்றுக்குத் தெரியாது.

பத்து சர்வர்களைக் கையால் முடித்துப் பார்த்துவிட்டு, மீதியைத் தானே செய்துகொள்ளும் ஸ்கிரிப்டிடம் விட்டார்கள். அதற்கு முன்னால் ஆஸென் எல்லோருக்கும் ஒரு மெயில் தட்டிவிட்டான். 'இன்று அவசரப் பேட்ச். ரீஸ்டார்ட் உண்டு.' எதை ரீஸ்டார்ட் செய்யப்போகிறார்கள் என்று எழுதவில்லை. அவசரம்.

மெயில் போய்ப் பத்து நிமிடத்தில் இஸ்க்ரா வாசலில் நின்றாள்.

இரண்டு வருடம் இரண்டு மாதமாக அவள் அந்த அறைக்கு வந்ததில்லை. ஒரே கட்டடம்தான். அவள் மூன்றாவது மாடி. அவள் முன்பக்கப் படிக்கட்டில் ஏறுவாள் என்பதற்காக ஆஸென் பின்பக்கம், குப்பைத் தொட்டிகள் இருக்கும் வழியாக வந்து போய்க்கொண்டிருந்தான். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பிறகு இருவரும் பேசியது ஒரே ஒரு முறை, லிஃப்டில். "மூணா?" என்று அவன் கேட்டான். "மூணு" என்றாள்.

பிளாமென் அவளைப் பார்த்ததும் சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எனக்கு மேல ஒரு வேலை இருக்கு" என்றார். அவருக்கு மேலே ஒரு வேலையும் இல்லை.

"என் மெஷினைத் தொடாத" என்றாள் இஸ்க்ரா. "வெள்ளிக்கிழமை வரைக்கும்."

"பேட்ச் போடணும்."

"போடு. வெள்ளிக்கிழமை போடு. பதினோரு வாரமா ஓடுது ஆஸென். இன்னும் நாலு நாள்ல முடிஞ்சிரும். நவம்பர்ல நீங்க ரீஸ்டார்ட் பண்ணப்ப பத்தொன்பது நாள் வேலை போச்சு. அப்ப நான் யார்கிட்டயும் கத்தல. ஆனா இப்ப முடியாது."

அவளுடைய சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது கருங்கடல் நீரோட்டங்களின் கணக்கு. ஆறு வருடம் மிதவைகளில் எடுத்த அளவுகள். பாதி மிதவைகள் அவளே படகில் போய், ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போய் மாட்டியவை. அந்தக் கணக்கு முடிந்தால் வெளிநாட்டில், ப்ரேமென் நகரத்து ஆய்வகத்தில் மூன்று வருட வேலை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவை அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

ஆஸெனுக்கு எல்லாம் ஒரே விநாடியில் புரிந்தது. நவம்பரில் நடந்தது முழு இயந்திரத்தையும் அணைத்துப் போட்டது. இது அப்படியில்லை. வாசல்காரனை மட்டும்தான் மாற்றப் போகிறார்கள். அவள் கணக்கு ஒரு எண்கூடத் தவறாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொன்னால் அவள், ஓ அப்படியா, சரி என்று திரும்பிப் போய்விடுவாள்.

அவள் அதற்குள் பிளாமெனின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேஜையில் இருந்த அய்ரான் மோர்க் குவளையை, அது யாருடையது என்று கேட்காமல் எடுத்து ஒரு வாய் குடித்தாள். அது ஆஸெனுடையது.

"சரி" என்றான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தொடமாட்டேன்."

"நிஜமா?"

"நிஜமா."

"எனக்காகப் பண்றியா?"

"ஆமா."

அவள் முகம் லேசானது. அதைப் பார்க்கத்தான் அவன் அதைச் செய்தான். வேறு காரணம் கிடையாது.

அவர்கள் பிரிந்ததற்கும் இந்தக் குணம்தான் காரணம். குழந்தை விஷயமாக மருத்துவமனையிலிருந்து வந்த கடிதத்தை ஆஸென் மூன்று வாரம் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தான். அவள் உடைந்துபோவாள் என்று நினைத்தான். அவளே ஒரு பேனா தேடும்போது கண்டெடுத்தாள். "நீ பொய் சொல்றதில்ல. சொல்லாம வெச்சுக்குற. அதுக்குப் பொய்யே பரவாயில்ல" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருடம் சேர்ந்து இருந்தார்கள். ஆனால் அன்றைக்கே முடிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் பட்டியலில் நூற்று எண்பத்து மூன்று பச்சை, ஒன்று சிவப்பு. பிளாமென் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையில் விரலை வைத்தார்.

"இது யாரோடது?"

"உங்களுக்கே தெரியும்."

"தெரியும். உன் வாயால கேக்கலாம்னு பாத்தேன். ஏன் சிவப்பா இருக்கு?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தொட வேணாம்னு சொல்லிட்டா."

"டேய், வேலை நிக்காது, ரெண்டு செகண்டு சமாச்சாரம்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்" என்றான் ஆஸென். "கேக்கல."

"படிச்ச பொம்பள, இது கூடப் புரியலியா?"

"நவம்பர்ல சூடு பட்டவ. பயம்."

"அப்ப வெளி ஆளுங்க வர வழியையாவது அடைச்சு வை."

"ப்ரேமென்காரங்களும் அதே வழியாத்தான் உள்ள வந்து பாக்குறாங்க. அடைச்சா அவங்க அவளைக் கேப்பாங்க, அவ என்னைக் கேப்பா."

பிளாமென் அவனை மேலும் கீழுமாகப் பார்த்தார். "புதுச் சட்டை போட்டிருக்க" என்றார். "நல்லாருக்கு. இஸ்திரி போட்டா இன்னும் நல்லாருக்கும்."

புதன்கிழமை இஸ்க்ரா மறுபடி வந்தாள். காகிதப் பை நிறைய செர்ரி. இரண்டு பேரும் கொட்டைகளை ஒரே தட்டில் துப்பிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"தொண்ணூத்து ஏழு சதவீதம்" என்றாள். "காலைல எழுந்ததும் முதல் வேலையா, மெஷின்ல என்ன நடந்துச்சுன்னு காட்டுற லாகைத்தான் பாக்குறேன். யாரும் கை வைக்கலன்னு தெரிஞ்சப்புறம்தான் காப்பி."

"தூங்குறியா?"

"ம். அம்மா போனதுக்கப்புறம் இப்பத்தான் கொஞ்சம் தூக்கம் வருது."

"தெரியும். உங்க வீட்டுக் கதவுல இரங்கல் நோட்டீஸ் ஒட்டியிருந்ததப் பாத்தேன்."

"அந்தத் தெருப் பக்கம் உனக்கு என்ன வேலை?"

ஆஸென் ஒரு செர்ரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"பாத்தியே, வரலியே?"

"வரலாமான்னு தெரியல."

"வந்திருக்கலாம்" என்றாள். "அம்மாவுக்கு உன்னப் பிடிக்கும். எனக்குக் கோபம் வந்தா அவங்ககூட உன் பக்கம்தான் பேசுவாங்க. எரிச்சலா இருக்கும்."

அவள் போன பிறகு ஆஸென் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்போதேகூடச் செய்யலாம். இரண்டு விநாடி. ஆனால் நாளைக் காலையில் அவள் லாகில் அவன் கைபட்டதைப் பார்ப்பாள். தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தொட்டான், அதையும் சொல்லாமல் செய்தான் என்று ஆகும். மேலே போய் உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்யலாம். அப்படியானால் திங்கட்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். இன்னும் இரண்டு நாள்தானே என்று நினைத்தான். தட்டிலிருந்த கொட்டைகளைக் குப்பையில் கொட்டினான்.

வியாழக்கிழமை பதினொன்றே காலுக்கு அந்த சர்வரில் வேலைப்பளு திடீரென்று ஏறியது. ஆஸென் உள்ளே பார்த்தபோது கோப்புகளின் பெயர்கள் அவன் கண் முன்னாலேயே வரிசையாக மாறிக்கொண்டிருந்தன. திறக்க முடியாத குப்பையாக மாறிக்கொண்டிருந்தன. எழுந்து ஓடினான். சர்வர் அறைக்குள் போய், எது எந்த ஒயர் என்று பார்க்காமல் கையில் சிக்கியதையெல்லாம் பிடுங்கினான். மின்விசிறிகள் நிற்கச் சற்று நேரம் ஆனது.

யாரோ விடியற்காலையிலிருந்தே உள்ளே இருந்திருக்கிறான். பேக்கப் பெட்டி அதே சர்வரோடுதான் கட்டிக்கிடந்தது. அதைத்தான் முதலில் முடித்திருந்தான். எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் பணம் கேட்டு ஒரே கடிதம். முதல் இரண்டு வருட அளவுகள் ஏதோ ஒரு பழைய டிஸ்கில் இருக்கும். மீதி நான்கு வருடம் இல்லை. பதினோரு வாரக் கணக்கும் இல்லை.

இஸ்க்ரா இறங்கி வந்தபோது ஓடி வந்த மூச்சு வாங்கியது. அவள் திரையில் வரிகள் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறாள்.

"என்ன ஆச்சு?"

ஆஸென் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. எது போயிற்று, எது மிச்சம் என்று மட்டும் சொன்னான். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அவள் நிற்கும் நிலையைப் பார்த்துவிட்டு ஏதாவது பேச வேண்டும் என்று பிளாமெனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஆஸெனைக் காப்பாற்றுவதாகவும் நினைத்திருப்பார்.

"ஏம்மா, இவன்தான் திங்கக்கிழமையே உன்கிட்ட சொன்னானே. உன் வேலை நிக்காது, ரெண்டு செகண்டுல முடிஞ்சிரும்னு. நீதானம்மா வேணாம்னுட்ட. இவன் மேல கோச்சுக்காத."

இஸ்க்ரா மெதுவாகத் தலையைத் திருப்பினாள். பிளாமெனை அல்ல, ஆஸெனைப் பார்த்தாள்.

"என்ன சொன்ன நீ?"

ஆஸென் ஒரு கணம் யோசித்தான். ஆமாம், சொன்னேன், நீ கேட்கவில்லை என்று சொன்னால் பிளாமெனும் அதையே சொல்வார். அந்தப் படபடப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்கே சந்தேகம் வரலாம். பழி அவள் தலையில் விழும். அவன் வேலை தப்பித்துவிடும்.

"சொல்லல" என்றான்.

"வேலை நின்னிருக்காதா?"

"நின்னிருக்காது."

"நிச்சயமா?"

"நிச்சயமா. பேட்ச் போட்டது உனக்குத் தெரிஞ்சுகூட இருக்காது."

பிளாமென் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை.

"திங்கக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ எழுந்து போயிருப்ப."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பிளாமெனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டாள்.

"அந்த மெயிலுக்கு ஒரு வரி பதில் போட்டிருந்தாலே போதும்" என்றாள். "என் மெஷின் வேணாம்னு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. நான் மூணு மாடி இறங்கி வந்தேன். மூஞ்சி கழுவிட்டு வந்தேன். உனக்கு அது கூடத் தெரியலியா?"

ஆஸென் நின்றுகொண்டே இருந்தான்.

"உண்மையைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன். நவம்பரைச் சொல்லி உன்ன நாலு திட்டு திட்டியிருப்பேன். அப்புறமும் உக்காந்துதான்டா இருந்திருப்பேன்."

எழுந்தாள். கதவருகே போய் நின்று, திரும்பாமலே, "அந்தப் பழைய டிஸ்கைத் தேடி மேல அனுப்பு. நீ கொண்டு வராத. அண்ணன்கிட்ட குடுத்து அனுப்பு" என்றாள். போய்விட்டாள்.

மதியம் மூன்று மணிக்கு ப்ரேமெனிலிருந்து பதில் வந்துவிட்டதாகப் பிளாமென் வந்து சொன்னார். வருத்தம் தெரிவித்திருக்கிறார்களாம். தேதியை நீட்டமுடியாதாம். டிஸ்கைக் கொடுத்தபோது அவள் நன்றி சொன்னதாகவும் சொன்னார்.

"வேற என்ன சொன்னா?"

"வேற ஒண்ணும் சொல்லலடா."

நான்கு மணிக்குள் டைரக்டருக்கு அறிக்கை போக வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம்: பேட்சிலிருந்து விலக்கு அளித்தவர். ஆஸென் தன் பெயரை எழுதினான். அடுத்த கட்டம்: விலக்குக்கான காரணம்.

"பயனர் கேட்டுக்கொண்டார்னு போடு" என்றார் பிளாமென். "பொய்யில்லியே. அவ கேட்டாதானே."

ஆஸென் அப்படியே எழுதினான். திரையில் அது உண்மை மாதிரியே இருந்தது. பிறகு அழித்தான். கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பிப் பார்த்தான், படிவம் ஏற்கவில்லை. கர்சர் அதே இடத்தில் வந்து நின்று துடித்தது.

"ஏதாவது ஒண்ணப் போட்டுத் தொலைடா, நாலாகப் போகுது."

'தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை' என்று எழுதி அனுப்பினான். படிவம் ஏற்றுக்கொண்டது.