பூமிக்கு அடியில் எண்பது

“எண்பதுக்கு மேல போவாதுப்பா” என்றாள் நதியா. தட்டில் மீன் முள்ளை ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

பூவராகவன் சிரித்தார். காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே தனியார் பஸ் ஓட்டுகிறவர்.

“எந்த லைன்ல? நீல லைன்லயா, பச்சை லைன்லயா?”

“ரெண்டுலயும்தான். பாலத்து மேல கொஞ்ச நேரம் எண்பதுல நிக்கும். பூமிக்கு அடியில ஸ்டேஷன்லாம் கிட்ட கிட்ட. எண்பதைத் தொட்டதுமே எறக்கணும். வளைவு வந்தா நாப்பதுதான்.”

“வாலாஜாபாத் தாண்டுனா நானே தொண்ணூறுல போவேன். டாப்புல கோழிக் கூடை வேற இருக்கும்.”

“அந்தக் கோழிங்களக் கேட்டாதான் தெரியும்” என்றாள் அவர் மனைவி மரியம்மாள், அடுப்புப் பக்கமிருந்து.

நதியா சிரிக்கவில்லை. செவிலிமேட்டு வீட்டுக்கு அவள் விடுமுறை நாளில் மட்டும் வருவாள். சென்னையில் மெட்ரோ ரயில் ஓட்டத் தொடங்கி நான்கு வருடம். அவர் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை.

“இந்த வெள்ளிக்கிழமையோட முடியுதுப்பா. அதுக்கப்புறம் புது லைனு. என்னைய கண்ட்ரோல் ரூம்ல போட்டிருக்காங்க. அந்த வண்டியில டிரைவரே கெடையாது.”

“டிரைவர் இல்லாம வண்டியா?”

“இப்பவே பாதிக்கு மேல மிஷின்தான் ஓட்டுது. நான் கதவு மூடறேன், அவ்வளோதான். கை பழக்கம் விட்டுடக் கூடாதுன்னு எப்பவாச்சும் ஒரு ட்ரிப் கையால ஓட்டச் சொல்வாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒண்ணு இருக்குது. சென்ட்ரல்ல இருந்து ஏர்போர்ட்டு. அதான் கடைசி.” தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: “வரீங்களாப்பா?”

“வெள்ளிக்கிழமை ஓனரு லீவு தர மாட்டான்.”

“சரி” என்றாள். தண்ணீர் குடித்தாள். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் முன்பே ஒருமுறை போயிருந்தார். அது நதியாவுக்கும் தெரியாது, மரியம்மாளுக்கும் தெரியாது. அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம், வண்டி பழுதாகி நின்ற ஒரு நாளில், யாரிடமும் சொல்லாமல் சென்ட்ரலுக்குப் போனார். காக்கிச் சட்டையோடு போனார். பஸ் ஓட்டுகிறவர்கள் அடுத்த பஸ்ஸில் டிக்கெட் எடுப்பதில்லை. கண்டக்டர் கை நீட்டும்போது ‘ஸ்டாஃப்’ என்றால் போதும், கை அடுத்த ஆளிடம் போய்விடும். பிறகு டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். டயரைப் பற்றி, டீசலைப் பற்றி, ஓனர்களைப் பற்றிப் பேச்சு கிடைக்கும். திருச்சி வரை அந்த ஒரு சொல்லில் போய் வந்திருக்கிறார். பூமிக்கு அடியில் இருந்த டிக்கெட் கதவருகே காவலாளியிடமும் அதைத்தான் சொன்னார். காவலாளி சின்னப் பையன், மரியாதையானவன். “எந்த டிபார்ட்மெண்ட் சார்?” என்றான். “பஸ்ஸு” என்றார். பின்னால் நின்ற ஒரு பெண் சிரித்தாள். என் மகள்தான் ஓட்டுகிறாள் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லியிருந்தால் அவளையும் சேர்த்துச் சிரித்திருப்பார்கள். திரும்பிப் படியேறி வந்துவிட்டார். மகள் ஓட்டும் வண்டிக்கு அப்பன் டிக்கெட் எடுப்பதா என்று அன்றைக்கு எழுந்த கோபம், கொஞ்ச நாளில் ‘எண்பதுதானே’ என்ற கிண்டலாக மாறியது. அதுதான் பேச வசதியாக இருந்தது.

வியாழக்கிழமை இரவு மரியம்மாள் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டினாள்.

“நான் போறேன். நீ வந்தா வா, வராட்டி கெட.”

வெள்ளிக்கிழமை காலை ரயிலில், சன்னலோரம் அவள் உட்கார்ந்திருக்க, அவர் அன்று சென்ட்ரலில் நடந்ததைச் சொன்னார். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். எதிரே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“ரயில்ல போயி ஸ்டாஃப்புன்னியா? நல்லவேளை, ஏரோப்ளேன்ல ஏறல நீ.”

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு குரலில் சொன்னாள். “புள்ள இன்னா நெனச்சிக்கினு இருக்குது தெரியுமா? பொம்பளப் புள்ள ஓட்டுற வண்டின்னு உனக்கு எளப்பமாம். எங்கிட்ட சொல்லி அழுதுச்சுய்யா.”

அவர் வெளியே பார்த்தார். ஒரு ஏரி முழுதாகக் கடந்து போனது.

பரங்கிமலையில் இறங்கிப் பச்சை லைனில் ஏறினார்கள். மரியம்மாள்தான் டிக்கெட் வாங்கினாள். கண்ணாடியில் சீட்டைக் காட்டினாள், கதவு விலகியது. அவரும் காட்டினார். அவர் யாரென்று அது கேட்கவில்லை.

முதலில் வண்டி வானத்தில் போனது. மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், காயும் துணிகள். பூவராகவன் ஒரு விளம்பரப் பலகையிலிருந்து அடுத்த பலகை வரை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். எழுபது. இப்போது எழுபத்தைந்து. சரிதான், பொய் சொல்லவில்லை. கோயம்பேடு தாண்டியதும் வண்டி தலையைக் குனிந்து மண்ணுக்குள் இறங்கியது. அதற்குப் பிறகும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்தார். இதை மிஷின் ஓட்டுகிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி பிரேக் பிடித்தது, ஒரே மாதிரி கடைசியில் ஒரு சின்ன குலுக்கல். பரவாயில்லை, நல்ல டிரைவர்தான் என்று நினைத்துக்கொண்டார்.

சென்ட்ரலில் இன்னும் ஒரு தளம் கீழே இறங்கி நீல லைனுக்குப் போனார்கள். அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு வெளிச்சம். தண்டவாளத்துக்கும் ஆட்களுக்கும் நடுவே உயரமான கண்ணாடிச் சுவர் இருந்தது. நதியா அம்மாவிடம் சொல்லியிருந்த நேரத்து வண்டி வந்தது. கண்ணாடிக்குப் பின்னால், வண்டியின் நெற்றியில், நீலச் சட்டையில் ஒரு முகம் போனது.

“அதுதான்யா! நம்ம புள்ள!” மரியம்மாள் ஓடினாள்.

முன் பெட்டி பெண்களுக்கானது. அவள் அதில் ஏறினாள். அவர் அடுத்த பெட்டியில் நின்றுகொண்டார். நடுவில் கதவு இல்லை. டிரைவர் அறையின் சுவரை ஒட்டி அவள் போய் நிற்பது தெரிந்தது.

வண்டி கிளம்பியது. வெளிச்சம் அறுந்தது.

சன்னலில் அவர் முகம் மட்டும் இருந்தது. சாலை இல்லை. புளியமரம் இல்லை, மைல்கல் இல்லை, எதிரே வரும் லாரி இல்லை. வேகத்தை அவர் எப்போதும் இவற்றைக் கொண்டுதான் அளந்திருக்கிறார். இங்கே இருட்டும் சத்தமும்தான். சத்தம் ஏறியது. காது அடைத்தது. எண்பது என்றாள். இது எண்பது இல்லை. தொண்ணூறைத் தாண்டிவிட்டது. நூறு. அதற்கு மேல் எண் வரவில்லை. நூற்றுக்கு மேல் அவருக்குப் பழக்கம் இல்லை. தலைக்கு மேலே ஊர் இருந்தது. பஸ்கள், சிக்னல்கள், கட்டடங்கள், அவற்றைத் தாங்கும் மண் எல்லாம் இருந்தன. அதற்கு அடியில், ஒரு வண்டி மட்டும் நுழையும் அகலத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் நதியா இத்தனை பேரை வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒருவன் கொட்டாவி விட்டான். ஒரு கிழவர் மாத்திரைப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை.

திடீரென்று வெளிச்சம் பாய்ந்து வந்தது. ஸ்டேஷன். அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. அழுத்திய பிறகுதான் அழுத்துகிறோம் என்று தெரிந்தது. பிடி, பிடி, இப்போது பிடிக்காவிட்டால் தாண்டிப் போய்விடும். இன்னும் பிடிக்கவில்லை. பிறகு பிடித்தாள். வேகம் ஒரு துணியை மடிப்பது போல மடிந்தது. கடைசியில் குலுக்கல் வரும் என்று கம்பியை இறுக்கினார். வரவில்லை. நிற்பதற்குச் சற்று முன்னால் அவள் பிரேக்கைக் கொஞ்சம் விட்டிருந்தாள். வண்டி தானாக நின்றது போல நின்றது. வண்டியின் கதவும் கண்ணாடிச் சுவரின் கதவும் நேருக்கு நேராகத் திறந்தன. ஒரு கை அகலம்கூடத் தள்ளி இல்லை.

இப்படி நிறுத்த அவருக்குத் தெரியாது. ஓட்டத் தெரியும். அவர் பிரேக் பிடித்தால் நிற்பவர்கள் எல்லாரும் ஒரு அடி முன்னால் வருவார்கள். கண்டக்டர் அர்ஜுனன், “கூட்டத்த உள்ள தள்றதுக்கு நான் எதுக்கு, அண்ணன் கால் போதும்” என்பான். இது யார் சொல்லிக்கொடுத்தது? எங்கே பார்த்தாள்?

அடுத்த ஸ்டேஷனிலும் கால் அழுத்தியது. அதற்கடுத்ததிலும். எங்கே பிடிப்பாள் என்று அவர் நினைத்த இடத்தில் ஒருமுறைகூட அவள் பிடிக்கவில்லை. தேனாம்பேட்டை தாண்டியபோது கவனித்தார், கால் சும்மா இருந்தது. நிமிர்ந்து முன் பெட்டியைப் பார்த்தார். மரியம்மாள் எந்தக் கம்பியையும் பிடிக்கவில்லை. இரண்டு கைகளையும் கோத்து வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, அந்த ஓட்டத்தின் நடுவில், சர்ச்சில் நிற்பது போல நின்றிருந்தாள். அவருடைய பஸ்ஸில் அவள் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

சைதாப்பேட்டை வருவதற்கு முன் அவர் முன் பெட்டியின் ஓரம்வரை போய் அவளைக் கைகாட்டி அழைத்தார்.

“எறங்கு.”

“ஏன்? இன்னும் எவ்ளோ தூரம் இருக்குது. கடைசி வரைக்கும் போனா புள்ள வெளிய வரும்யா, பாத்துப் பேசலாம்.”

“பேசலாம். வூட்டுக்கு வரும்ல. இதுக்கப்புறம் வண்டி மேல ஏறிடும்.”

“ஏறினா இன்னா?”

“வெளிச்சத்துக்குப் போயிட்டா எண்பதுன்னு தெரிஞ்சிடும்.”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

கதவுகள் மூடின. நதியா இருந்த அறை நடைமேடையின் முனையைத் தாண்டி நின்றது. அங்கிருந்து தெரியவில்லை. வண்டி நகர்ந்தது, பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின, கண்ணாடிக்கு அப்பால் மீண்டும் இருட்டு. பூவராகவன் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார்.

“சார், கண்ணாடில கை வைக்காதீங்க” என்று குரல் வந்தது. காவலாளி தூரத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தான்.

“வாய்யா, போலாம்” என்றாள் மரியம்மாள்.

கண்ணாடி மிக மெல்லிதாக அதிர்ந்துகொண்டிருந்தது.

“இரு” என்றார். “இன்னும் போய்க்கினு இருக்குது.”

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் கைக்குச் சற்றுக் கீழே தன் கையையும் வைத்தாள்.