அடுப்படியில் நிறுவன நடத்தை

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஏதாவது ஒரு வேலையிடத்துக்குப் போக வேண்டும், அங்கே இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்து எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார் தேவேந்திரன் சார். பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டில் நிறுவன நடத்தை என்ற பாடத்தை எடுப்பவர் அவர்தான். ஷம்ஸியாவும் சாலோமியும் பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கேட்டுப் பார்த்தார்கள். கூட்ட நேரத்தில் முடியாது என்றார்கள். ஒரு வங்கியில் மேலிடத்தில் கேட்கச் சொன்னார்கள். மேலிடம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"ஒங்க உம்மா நோன்புக்கு சமோசா போடுதாங்கள்லா, அங்கனயே போவோமே" என்றாள் சாலோமி. புன்னக்காயல்காரி. படிப்புக்காகச் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள்.

"மூணு பொம்பளைங்க உக்காந்து சமோசா மடிக்கது ஒரு நிறுவனமாட்டி?"

அதையே சாரிடம் போய்க் கேட்டார்கள். "ஒரே காரியத்துக்காக மூணு பேர் சேந்து வேலை பாக்காங்கள்லா, அப்ப நிறுவனம்தான். போங்க" என்றார்.

ஷம்ஸியாவின் உம்மா மஹ்மூதா பீவி மேலப்பாளையத்தில் வீட்டுப் பின்கட்டில் ரமலான் முழுக்க சமோசா போடுவாள். பீர் மைதீன் அண்ணாச்சியின் கடைக்கு அது போகும். மாவு தேய்த்து, பொரித்து எடுப்பது உம்மா. வெங்காயம் அரிந்து மசாலா கலப்பது அடுத்த தெரு ஜுலைஹா. முக்கோணமாக மடித்துப் பசை தடவுவது தனலட்சுமி. மற்ற இருவரும் நோன்பு என்பதால் ருசி பார்ப்பதும் தனலட்சுமிதான். அவள் தலையை ஆட்டினால்தான் மசாலா மடிப்புக்கு வரும்.

அந்தப் பின்கட்டில் சத்தம் ஓய்ந்து ஷம்ஸியா பார்த்ததே இல்லை. வெங்காயத்தைக் கட்டை கட்டையாக அரிந்ததற்கு ஒரு சண்டை, எண்ணெய் காயாததற்கு ஒரு சண்டை, நடுநடுவே சிரிப்பு. நோன்பு நாளில் பேச்சைக் குறைங்களா என்று உம்மா அதட்டுவாள். அந்த அதட்டல்தான் இருப்பதிலேயே பெரிய சத்தமாக இருக்கும்.

ஆனால் சாலோமி பேனாவோடு வந்து உட்கார்ந்த அன்று கதையே வேறு. தனலட்சுமி பூ வைத்து வந்திருந்தாள். ஜுலைஹா பெட்டியிலிருந்து புதுச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். "அந்தத் தட்டைக் கொஞ்சம் தருகிறீர்களா?" என்று உம்மா கேட்டபோது ஷம்ஸியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உம்மா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"ரொம்ப ஒத்துமையா இருக்காங்கட்டி" என்று சாலோமி கிசுகிசுத்தாள். "ஆனா முரண்பாடுன்னு ஒரு தலைப்பு இருக்கே, அதுல என்னத்த எழுத?"

அன்று மாலை பாங்கு சொன்னதும் ஷம்ஸியா பேரீச்சம்பழத்தில் நோன்பு திறந்து, கஞ்சி குடித்து, ஒரு சமோசாவைக் கடித்தாள். கடித்ததும் உம்மாவைப் பார்த்தாள். உம்மாவும் வாயில் வைத்ததை விழுங்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே உப்பு. தொழுது முடிப்பதற்குள் பீர் மைதீன் அண்ணாச்சி போனில் வந்துவிட்டார்.

"என்ன தங்கச்சி, கடல்லயா முக்கி எடுத்திய? நோன்பு திறந்தவன்லாம் தண்ணிக்கு நிக்கான்."

உம்மா மன்னிப்புக் கேட்டாள். நாளைக்குச் சரியாக இருக்கும் என்றாள். அப்புறம் பாத்திரம் கழுவப் போனாள்.

மறுநாள் மதியம் சாலோமி வந்து உட்காருவதற்குள் சண்டை வெடித்துவிட்டது.

"ருசி பாத்தது நீதான? அப்பவே சொல்லிருக்கலாம்லா?" என்றாள் ஜுலைஹா.

"சொன்னா யாருக்கு அசிங்கம்? ரெண்டு பிள்ளைய பேனாவும் கையுமா உக்காந்துருக்கு. அதுவ முன்னால ஒன்னையக் கொற சொல்லவா?" என்றாள் தனலட்சுமி. "மாவோட சேந்தா சரியாப் போவும்னு நெனச்சேன்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்களா. ஜுலைஹா வரதுக்கு முன்னாலயே நான் மசாலாவுல ஒருவாட்டி உப்பு போட்டுட்டேன், அது தெரியாம அவளும் போட்டுருக்கா. எப்பவும் உப்பு போட்டாச்சுன்னு சத்தங்குடுப்பேன். நேத்து என்னமோ வாயத் தொறக்கவே கூச்சமா இருந்துச்சு" என்றாள் உம்மா.

சாலோமி வாசலிலேயே நின்றுவிட்டாள். மெல்ல ஷம்ஸியாவின் கையைப் பிடித்துத் தள்ளிக் கூட்டிப் போனாள்.

"ஏட்டி, இது நாம படிச்சதுதான். அமெரிக்கா ஆலை."

ஷம்ஸியாவுக்கும் அதுதான் மனதில் ஓடியது. அந்த ஆலையில் ஆய்வுக்காக விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது. தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் மனிதர்கள் மாறிவிடுகிறார்கள். தேர்வுக்காக இருவரும் மனப்பாடம் செய்த பாடம். அது சொந்த வீட்டில் நடக்கும், அதற்குத் தானே காரணமாக இருப்போம் என்று ஷம்ஸியா நினைத்ததில்லை. வெட்கமாகவும் இருந்தது, உள்ளூர ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

இருவரும் உள்ளே போனார்கள். "மாமி, தப்பு எங்க மேலதான். நாங்க இருக்கப் போயி நீங்க பேசாம இருந்துட்டிய. இனிமே இங்கன உக்காந்து எழுத மாட்டோம். எங்களுக்கும் ஒரு வேலை குடுங்க" என்றாள் சாலோமி.

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தனலட்சுமிதான் முதலில் நகர்ந்து இடம் விட்டாள்.

சாலோமி மடித்த சமோசாக்கள் எண்ணெயில் வாயைப் பிளந்தன. முதல் நாள் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் ஜுலைஹா, "ஏளா, பசையத் தடவச் சொன்னா தடவிக் குடுக்கே! அழுத்தி ஒட்டுளா!" என்று கத்தினாள். சாலோமி திடுக்கிட்டு ஷம்ஸியாவைப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வாரம் முடிவதற்குள் வெங்காயச் சண்டை, எண்ணெய்ச் சண்டை எல்லாம் பழையபடி வந்து சேர்ந்தன. அண்ணாச்சி கடையில் சமோசா, நோன்பு திறக்க வெகு நேரம் இருக்கும்போதே, அஸர் தொழுகைக்கே தீர்ந்தது. வீட்டுக்குப் போன பிறகுதான் இருவரும் அன்றன்று பார்த்ததை எழுதினார்கள். தாங்கள் கெடுத்த அந்த முதல் நாளையும் மறைக்காமல் எழுதினார்கள்.

வகுப்பில் அதை வாசித்தபோது தேவேந்திரன் சார் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"அங்க தலைவர் யாரு?"

"எங்க உம்மா" என்றாள் ஷம்ஸியா.

"தனலட்சுமி அக்கா" என்றாள் சாலோமி அதே நேரத்தில்.

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். "ரெண்டையும் காரணத்தோட எழுதிக் குடுங்க. நல்லாப் பாத்துருக்கிய" என்றார். அவர் வாயிலிருந்து நல்லா என்ற சொல் லேசில் வராது. பஸ்ஸில் வரும்போது சாலோமி அதை நான்கைந்து தடவை சொல்லிக்கொண்டாள்.

அன்று மாலை இருவரும் நேராகப் பின்கட்டுக்குத்தான் போனார்கள். கட்டுரையைப் படித்துக் காட்டியே ஆக வேண்டும் என்று மூவரும் பிடிவாதமாக இருந்தார்கள். தலைவர் விஷயம் வந்ததும் உம்மா, "அவளே இருந்துட்டுப் போறா. எனக்கு அடுப்பப் பாக்கவே நேரமில்ல" என்றாள். தனலட்சுமி கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னையப் பத்தி என்ன எழுதிருக்கு?" என்று கேட்டாள் ஜுலைஹா.

ஷம்ஸியா தயங்கிவிட்டுச் சொன்னாள். "நீங்க எல்லாத்துக்கும் சண்டை போடுதியன்னு எழுதிருக்கு லாத்தா. அந்த மாதிரி சண்டை இருக்கதுனாலதான் தப்பு அப்பப்ப வெளிய தெரியுது, அது குழுவுக்கு நல்லதுன்னும் எழுதிருக்கு."

ஜுலைஹா அரிவாள்மனையை விட்டு நிமிர்ந்தாள்.

"கேட்டியாளா தனம்? காலேஜுலயே சொல்லிட்டாவ!"

"போச்சு. இனி இவள யாரு பிடிக்க?" என்றாள் தனலட்சுமி. உம்மா சிரித்துக்கொண்டே அடுத்த ஈட்டை எண்ணெயில் போட்டாள்.